28 நாளில் தீர்ந்த சிலிண்டர்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்பு சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்தோம். கீழே ஒரு சிலிண்டர் 45 நாள் வரும். இங்கே 28 நாளில் தீர்ந்துவிடுகிறது. அதே நான்கு பேர், அதே சமையல். காலையில் குளிக்க வெந்நீர் போடுவதைத் தவிர வேறு எதுவும் புதிதாக இல்லை. மனைவி அடுப்பை வீணாக எரிக்கிறாள் என்றால் சண்டைக்கு வருகிறாள். சிக்கனமாகச் சமைக்க அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஏற்காடு

பதில்: அவருக்குச் சொல்ல என்னிடம் புத்தி எதுவும் இல்லை. உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது.

வெந்நீரைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். காசு கரைகிற இடமே அதுதான். மலைத் தண்ணீரைக் குளிக்கிற பதத்துக்குக் கொண்டுவர 20 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். ஆளுக்கு 15 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 60 லிட்டர். அடுப்புச் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தில் ஏறாமலே போய்விடும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வெந்நீருக்கு மட்டும் மாதம் ஐந்து கிலோ எரிவாயு ஆகிறது. சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோ! நீங்கள் தேடுகிற 17 நாளில் பெரும்பகுதி வாளியில் இருக்கிறது. அதில் உங்கள் வாளியும் ஒன்று.

‘அதே சமையல்’ என்பதும் சரியல்ல. சேலத்தில் தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, ஆவிதான் போகும். அம்மாபேட்டையில் மலர்ந்து வெந்த துவரம்பருப்பு இங்கே விறைத்துக்கொண்டு நிற்பது அதனால்தான். அடுப்படியில் கூடுதல் நேரம் நின்று வேகவைக்கிறவரைப் பார்த்து விரயம் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

மலையில் குக்கர்தான் துணை. வெயிட் போட்டதும் உள்ளே அழுத்தம் ஏறி, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் கேஸ்கட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தால் பலன் இல்லை. அதை மாற்றிக் கொடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அடிக்கிற ஒவ்வொரு விசிலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு. கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலை எல்லாம் முதல் நாள் இரவே ஊற வேண்டும். குளிரில் ஊறுவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் சாயங்காலமே போட்டுவிடுவது நல்லது. பருப்பு வெந்த பிறகுதான் புளி. முன்னால் விட்டால் வேகவே வேகாது. பழைய பருப்பும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டையில் விலை மலிவு என்று ஆறு மாதத்துக்கு மூட்டையாக வாங்கி மேலே ஏற்றாதீர்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

வெந்நீருக்குச் சுள்ளி போட்டு எரிக்கிற பாய்லர் ஒன்று வாங்குங்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும் சூழ்ந்த வீடு என்றால் காய்ந்த சுள்ளிக்குப் பஞ்சமிருக்காது. காலையில் அதைப் பற்றவைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

பருப்பின் அளவில் மட்டும் கை வைக்காதீர்கள். பிள்ளைகள் வளர்கிற வயதில், எரிவாயுவில் போனதைச் சாம்பாரில் பிடிக்கப் பார்ப்பது கொடுமை.

அடுத்த முறை இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் போகும்போது, பழைய கேஸ்கட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அளவு தவறினால் மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன்பு இந்தப் பக்கத்தை உங்கள் மனைவியிடம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.