"பர்ஸ்ட் காப்பி" என்று சொல்லி விற்றாலும் குற்றமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஸ்போர்ட்ஸ் கடை நடத்துகிறேன். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பையன்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். ஐயாயிரம் ரூபாய் ஒரிஜினல் கால்பந்து கிளப் ஜெர்சியை அவர்களால் வாங்க முடியாது. திருப்பூரில் எடுத்து 350 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். பர்ஸ்ட் காப்பி, அதாவது ஒரிஜினலைப் போலவே செய்த நகல், என்று சொல்லித்தான் விற்கிறேன். போன வாரம் கம்பெனி ஆட்கள் என்று இருவர் வந்து ஒரு லட்சம் கேட்டார்கள். நேற்று டெல்லி வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. 160 ஜெர்சி கையிருப்பில் உள்ளது. என்ன செய்வது?

பதில்: காப்பி என்று சொல்லி விற்றது உங்களைக் காப்பாற்றாது. போலி என்று தெரிந்தே விற்றீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். வணிகக்குறிச் (டிரேட்மார்க்) சட்டம் 1999, பிரிவு 104-ன்படி போலிக் குறியுள்ள பொருளை விற்பதும், விற்பனைக்குத் தொங்கவிடுவதும், விற்பதற்காகக் கையில் வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தகுந்த எச்சரிக்கையோடு இருந்தும் போலி என்று சந்தேகிக்கக் காரணம் இல்லாதவர், சரக்கு கொடுத்தவரின் விவரத்தையும் சொன்னால் தப்பலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "பர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி" என்று போட்டவர் அந்த வாதத்தை எடுக்க முடியாது.

பையன்கள்மேல் எனக்குக் குறை இல்லை. ஒவ்வொரு சீசனுக்கும் ஹோம், அவே, தேர்ட் என்று மூன்று ஜெர்சி வருகிறது. கடற்கரை மணலில் ஆடுகிறவனுக்கு வேண்டியது தன் அணியின் நிறம். உடுத்துவதற்காக வாங்குவது இந்தப் பிரிவில் குற்றமில்லை. ஆனால் டீம் கேப்டன் இருபது எடுத்து, தலைக்கு ஐம்பது ரூபாய் வைத்துக் கொடுத்தால் அவரும் விற்பனையாளர்தான்.

வந்த இருவருக்கும் கடையைச் சோதிக்கவோ சரக்கை எடுக்கவோ அதிகாரம் கிடையாது. பணம் கொடுக்காதீர்கள், வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். வணிகக்குறிச் சட்டத்தில் வாரண்ட் இல்லாமல் சோதிக்க டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அதற்கு முன் வணிகக்குறிப் பதிவாளரின் கருத்தையும் பெற வேண்டும். இதை நம்பி இருந்துவிடாதீர்கள். கிளப் சின்னம் ஓவியப் படைப்பும் ஆகும் என்பதால் பதிப்புரிமைச் சட்டத்தில் புகார் கொடுத்தால் எஸ்.ஐ. ஒருவரே பறிமுதல் செய்யலாம். அச்சட்டத்தின் 63-ஆம் பிரிவுக் குற்றம் போலீஸ் தாமாகக் கைது செய்யக்கூடியது, ஜாமீன் உரிமையில்லாதது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் நிட் ப்ரோ வழக்கில் சொல்லிவிட்டது. போலீஸ் அழைத்தால் போகும் முன்பே முன்ஜாமீன் பற்றி வக்கீலிடம் பேசுங்கள்.

சோதனை நடந்தால் தடுக்காதீர்கள். மகஜரில் (பறிமுதல் செய்ததை எழுதும் பட்டியலில்) பிராண்ட் வாரியாக எண்ணிக்கை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள். பறிமுதலை வீடியோ எடுப்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவின்படி கட்டாயம். சாதாரண ஜெர்சிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவது வழக்கம். அவற்றைத் திரும்பக் கேட்கும் மனுவைப் பதினைந்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போட வேண்டும்.

இன்றைக்கே அந்த 160-ஐயும் ரேக்கிலிருந்து இறக்கிப் பெட்டியில் கட்டி, எண்ணிக்கை எழுதி வையுங்கள். நோட்டீஸ் வந்தபின் பாதி விலைக்குத் தள்ளிவிட்டால் தெரிந்தே விற்றீர்கள் என்றாகிவிடும். எரித்தால் சாட்சியத்தை அழித்த வழக்கும் சேரலாம். நோட்டீஸில் சொன்ன குறிகள் ஆடைக்குரிய 25-ஆம் வகுப்பில் பதிவாகி, நடப்பில் உள்ளனவா என்று பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பதிவு இல்லாவிட்டாலும் வழக்குப் போட முடியும்தான். ஆனால் பேச்சுவார்த்தையில் உங்கள் கை ஓங்கும்.

நோட்டீஸ் சொன்ன கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள்: விற்பனையை நிறுத்திவிட்டேன், இனி விற்கமாட்டேன், சரக்கை ஒப்படைக்கத் தயார். தொகை பற்றிப் பேசுவதானால் எழுத்துமூலம் உடன்பாடு ஆனபிறகு, வங்கி வழியாக மட்டும். உடன்பாட்டில் "புகார் ஏதும் தொடரமாட்டோம்" என்ற வரி இருக்கட்டும். விற்ற எண்ணிக்கையைப் பதிலில் எழுத வேண்டாம். வணிகக்குறிச் சட்டத்தின் பிரிவு 134 கம்பெனிக்குத் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகிறது. டெல்லியிலிருந்து வணிக வழக்கின் சம்மன் வந்தால் 30 நாளில் எதிருரை, அதாவது உங்கள் எழுத்துமூலப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 120 நாள் வரை போகலாம், அதற்குமேல் ஒரு நாளும் கிடைக்காது.

இனி திருப்பூரில் ஆர்டர் கொடுக்கும்போது கிளப் சின்னம், பிராண்ட் குறி, ஸ்பான்சர் பெயர் மூன்றும் இல்லாத ஜெர்சி கேளுங்கள். தோளில் மூன்று கோடு வேண்டாம், அதுவும் பதிவான குறி. வெளிர்நீலமும் வெள்ளையும் கோடுபோட்டு, 10 என்ற எண்ணும், ஊர் கிளப்பின் சம்மதத்தோடு அதன் சின்னமும் அச்சடித்து விற்கலாம். பில்லில் "டி-சர்ட்" என்று மட்டும் வாங்காமல் டிசைன் எண்ணோடு வாங்கி, மாதிரித் துணி ஒன்றைக் கடையில் வைத்திருங்கள்.