தாண்டத் தெரிந்தும் தாண்டாத டால்பின்

டால்பின் பற்றி இந்த முறை நான்கு கடிதங்கள். மீன்பிடி வலைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால், ஆசிரியர் நான்கையும் என் மேசைக்குத் தள்ளிவிட்டார். கடலோடிகள் ஓங்கில் என்பார்கள். நீங்கள் எல்லோரும் டால்பின் என்றே எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: டின்னில் அடைத்த சூரை மீனில் 'டால்பினுக்குப் பாதுகாப்பானது' என்று முத்திரை இருக்கிறதே, சூரைக்கும் டால்பினுக்கும் என்ன சம்பந்தம்? முத்திரையை நம்பலாமா? (ஒரு வாசகி)

பதில்: விசித்திரமான சம்பந்தம்தான். பசிபிக்கின் கிழக்குப் பக்க வெப்பக்கடலில் பெரிய மஞ்சள் துடுப்புச் சூரைகள் டால்பின் கூட்டத்துக்கு அடியிலேயே சேர்ந்து நீந்தும். சூரை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டால்பின் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மீனும் கிடைத்த மாதிரி. 1950களின் கடைசியில் சூரைக் கப்பல்கள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. கூட்டத்தைத் தேடுவது (பின்னாளில் ஹெலிகாப்டரில்), வேகப்படகுகளில் விரட்டுவது, களைத்துப்போனதும் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுருக்குவலையால் வளைப்பது. அடியில் ஓடும் கம்பியை இழுத்தால், சுருக்குப்பையின் வாய் போல வலையின் அடி மூடிக்கொள்ளும். சூரையோடு டால்பினும் உள்ளே. மடிப்பில் சிக்கியது மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகும். இப்படிச் செத்தவை இதுவரை 60 லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு.

எனக்கு இதில் பிடித்த பகுதி, தீர்வு கப்பல் தளத்திலிருந்தே வந்தது. பாதி வலையை ஏற்றியதும் கப்பலைப் பின்னோக்கி ஓட்டுவார்கள். வலை நீண்டு, தூரத்து முனையில், வலையின் மேல் விளிம்பைத் தாங்கும் மிதவைக் கயிறு தண்ணீருக்குள் கொஞ்சம் அமிழும். அந்த இடைவெளி வழியே டால்பின்கள் வழுக்கி வெளியே போய்விடும். சூரை ஆழத்தில் நிற்பதால் பெரும்பாலும் வலையிலேயே தங்கும். ஆனால் வெளியேறும் அந்த இடத்தில் பெரிய கண்ணி இருந்தால் டால்பினின் மூக்கு மாட்டிக்கொள்ளும். 1971-இல் ஹெரால்ட் மெடினா என்ற கப்பல் தலைவர் அங்கே மட்டும் சின்னக் கண்ணி வலைத்துண்டு ஒன்றைத் தைத்துச் சேர்த்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

இருந்தும் சாவு நிற்கவில்லை. சாம் லபட் என்ற இளைஞர் ஒரு சூரைக் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்து, நடந்ததை வீடியோ எடுத்தார். 1988-இல் அதைப் பார்த்த அமெரிக்கர்கள் கொதித்துப்போனார்கள். 1990-இல் முத்திரைக்குச் சட்டம் வந்தது. பிறகு பெரிய கப்பல்கள் எல்லாவற்றிலும், நடப்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும் பார்வையாளர் ஒருவரை ஏற்றினார்கள். ஒரு காலத்தில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் இருந்த சாவு, அந்தக் கடலில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

சரி, நம்பலாமா? அது சொல்கிற அளவுக்கு நம்பலாம். இந்த மீனைப் பிடிக்க டால்பினை விரட்டி வளைக்கவில்லை, கொல்லவில்லை என்கிறது, அவ்வளவே. டால்பினை விட்ட கப்பல்கள் பல, மிதவைகளைக் கடலில் போட்டு, அதன் நிழலில் சேரும் மீனை வளைக்கப் போயின. அங்கே சுறாவும் ஆமையும் குட்டிச் சூரையும் சேர்ந்து வருகின்றன. முத்திரை அதைப் பற்றி வாய் திறக்காது. தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை என்று டின்னில் போட்டிருந்தால், நான் அதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: ஒலியை அனுப்பி எதிரொலியால் 'பார்க்கும்' டால்பினுக்கு, முன்னால் இருக்கும் வலை தெரியாமலா போகிறது? (கல்லூரி மாணவர்)

பதில்: மெல்லிய நைலான் இழையிலிருந்து வரும் எதிரொலி மிகவும் பலவீனமானது. அதோடு டால்பின் எந்நேரமும் ஒலி எழுப்பிக்கொண்டே போவதில்லை. மீனைத் துரத்தும்போது அதன் கவனம் மீனில். செவுள் வலை தண்ணீரில் திரைச்சீலை போல் தொங்கும். மாலையில் விட்டு விடியலில் எடுப்பார்கள். அதில் டால்பின் மாட்டினால் காப்பாற்ற அந்த நேரத்தில் பக்கத்தில் ஆளிருக்காது. உலகத்தில் டால்பின்களை அதிகம் கொல்வது சூரைக் கப்பல் இல்லை, இந்தச் செவுள் வலைதான்.

ஒரு பயணத்தில், இருட்டு பிரியாத நேரம், வலை திடீரென்று கனத்தது. சுறா என்றார் ஒருவர். விளக்கு வெளிச்சத்தில் மேலே வந்தது டால்பின். மூக்கைச் சுற்றியும் துடுப்பின் ஓரத்திலும் கட்டம் போட்ட நோட்டு மாதிரி இழை வெட்டிய கோடுகள். தொட்டுப் பார்த்தேன், உரித்த அவித்த முட்டையின் வழவழப்பு. அதை விடுவிக்க வலையை அறுக்க வேண்டியிருந்தது, படகுக்காரருக்கு அது தனி நஷ்டம். யாரும் பேசவில்லை. நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் மீன் வகைகளுக்கு நிறையக் கட்டங்கள் இருந்தன. டால்பினுக்கு ஒன்றுமில்லை. 'பிற' என்ற இடத்தில் 1 என்று எழுதினேன்.

வலையில் ஒலிக்கருவி கட்டும் வழி உண்டு. 'பிங்கர்' என்பார்கள். நாலு நொடிக்கு ஒருமுறை 'பிப்' என்று சத்தமிடும். 1994-இல் அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் சோதித்தபோது, கடற்பன்றிகள் மாட்டுவது சுமார் 90 சதவீதம் குறைந்தது. டால்பினின் கூச்ச சுபாவமுள்ள உறவினம்தான் கடற்பன்றி. சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடும். ஆனால் குப்பிமூக்கு டால்பின் கெட்டிக்காரன். 'பிப்' கேட்டால் அங்கே மீன் மாட்டியிருக்கும் என்று கற்றுக்கொண்டால், சாப்பாட்டு மணி அடித்த மாதிரி வந்து நிற்கும். அப்புறம் பேட்டரி தீர்ந்த கருவியை மாற்றாமல் அப்படியே கட்டி விட்டால் என்ன பிரயோஜனம்?

கேள்வி: இத்தனை பேச்சு எதற்கு? ஆபத்தான வலையை ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் போயிற்று. (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: செய்தார்கள் ஐயா. இரண்டரை கிலோமீட்டரை மிஞ்சும், நீரோட்டத்தோடு மிதந்துபோகும் வலைகளை நடுக்கடலில் நிறுத்தச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை 1991-இல் தீர்மானம் போட்டது. 1992 முடிவோடு அமலுக்கு வந்தது. பெரிய பலன் இருந்தது. ஆனால் மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் உள்ள வாக்கிட்டா என்ற சின்னக் கடற்பன்றியின் கதையைக் கேளுங்கள். 1997-இல் அறுநூறுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தவை, இப்போது பத்தை ஒட்டி. அங்கே செவுள் வலைக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் டொடோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்குக் கள்ளச்சந்தையில் கொட்டிக் கொடுக்கிறார்கள், அதனால் இரவில் வலை விழுகிறது. வலையைப் பறித்தவர்கள், அதை நம்பிப் பிழைத்தவர் கையில் வேறு ஒரு கருவியைக் கொடுக்க வேண்டாமா? அந்த வேலை எங்கேயும் அரைகுறையாகத்தான் நடக்கிறது.

கேள்வி: டால்பின் அவ்வளவு உயரம் குதிக்குமே! வலைக்கு மேலே தாண்டிப் போகாதா? (ஏழாம் வகுப்பு மாணவி)

பதில்: நல்ல கேள்வி கண்ணு. மிதவைக் கயிறு தண்ணீருக்கு மேல் ஒரு சாண்கூட இருக்காது. டால்பினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் தாண்டுவதில்லை. திறந்த கடலில் சுவர் என்று ஒன்றையே பார்க்காத பிராணி அது. தாண்டினால் அந்தப் பக்கம் இருக்கலாம் என்ற எண்ணமே அதற்கு வராதோ என்னவோ. முன்பு மாட்டி விடுபட்ட டால்பின்கள் இன்னும் சுவாரசியம். படபடக்காமல், வலையின் தூரத்து ஓரத்தில் கும்பலாக மிதந்துகொண்டு, கப்பல் பின்னோக்கி வரும்வரை காத்திருக்கும். கயிறு அமிழ்ந்ததும் ஒவ்வொன்றாக அதன் மேல் வழுக்கும். நான் பார்த்த படத்தில், வெளியே வந்த மறுநொடியே ஒன்று துள்ளியது. கயிறு இருந்த உயரத்தைப் போல எத்தனையோ மடங்கு.