ஒரே ஆன்டெனாவை மூன்று ரேடியோக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமா? சிக்னல் பாதியாகிவிடாதா?

கொடுக்கலாம். இரண்டாகப் பிரித்தால் பாதியாகத்தான் செய்யும். அந்தப் பாதிக்கு எப்போது கவலைப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்பதுதான் விஷயம். மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா, கீழே ஒரு ஷார்ட்வேவ் செட், கம்ப்யூட்டரில் செருகிய ஒரு எஸ்.டி.ஆர். டாங்கிள் (மென்பொருளால் இயங்கும் குட்டி ரேடியோ), விமானப் பேச்சு கேட்க ஒரு ஸ்கேனர். உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

டி (T) வடிவ கனெக்டர் போட்டு இரண்டு ரேடியோவையும் ஒன்றாகக் கோக்காதீர்கள். "நாங்கள் அப்படித்தான் போட்டிருக்கிறோம், நன்றாகத்தான் கேட்கிறது" என்று கீழே பின்னூட்டத்தில் சிலர் எழுதுவார்கள். கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் உள்வாயில் 50 ஓம் இம்பிடன்ஸ் (ரேடியோ அலைக்கான மின்தடை) உள்ள இரண்டு ரிசீவர்கள் பக்கவாட்டில் சேர்ந்தால் ஆன்டெனாவுக்கு 25 ஓம் தெரியும். அதைக்கூட விட்டுவிடலாம். பெரிய தொல்லை, ஒரு செட்டின் லோக்கல் ஆசிலேட்டர் (நிலையத்தைப் பிடிக்க செட் தனக்குள்ளேயே உண்டாக்கும் அலை) அடுத்த செட்டுக்குள் நேராகப் போவது. 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். (செட் உள்ளே சிக்னலை மாற்றிக்கொள்ளும் இடைநிலை அதிர்வெண்) உள்ள பழைய செட்டில் 9500 வைத்தால் அதன் ஆசிலேட்டர் 9955-இல் ஓடும். பக்கத்து ரேடியோவில் 9955 கேட்டுக்கொண்டிருப்பவருக்கு விசில்தான் மிஞ்சும். ஐ.எஃப். 10.7 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் 118.1-இல் வைத்த ஸ்கேனர் 128.8-ஐக் கெடுக்கலாம்.

சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் டப்பாவான ஸ்பிளிட்டரின் உண்மையான வேலை இதைத் தடுப்பதுதான். நல்ல ஸ்பிளிட்டரில் ஒரு வெளிவழியிலிருந்து இன்னொன்றுக்கு 20 டி.பி.க்கு (டெசிபெல்; 3 டி.பி. இறங்கினால் சிக்னல் பாதி) மேல் தடுப்பு கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் விலை, இரண்டு வழிக்குச் சுமார் 3.5 டி.பி., நான்கு வழிக்குச் சுமார் 7 டி.பி.

கேபிள் டிவி கடையில் கிடைப்பதே போதும். ஆனால் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் சரி. 950–2150 என்றிருந்தால் அது டிஷ்ஷுக்கானது, உங்களுக்கு உதவாது. மூன்று வழி டப்பாவில் பெரும்பாலும் ஒரு வாயில் பக்கத்தில் 3.5 என்றும் மற்ற இரண்டில் 7 என்றும் அச்சிட்டிருக்கும். 3.5 வாயை ஸ்கேனருக்குக் கொடுங்கள். நான்கு வழி வாங்கினால் மிச்சமிருக்கும் வாயைத் திறந்து விடாமல் 75 ஓம் டெர்மினேட்டர் (உள்ளே ரெசிஸ்டர் வைத்த மூடி) திருகுங்கள். திறந்து கிடந்தால் மற்ற வாய்களுக்கு இடையே உள்ள தடுப்பு குறையும். 75 ஓம் சாமானை 50 ஓம் ரேடியோவில் மாட்டலாமா என்று கேட்பார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டி.பி.கூட இல்லை. தாராளமாக மாட்டுங்கள்.

மீடியம்வேவ் கேட்பவர்களுக்கு மட்டும் இந்த டப்பா சரிப்படாது. மூடியைத் திறந்தால் பட்டாணி அளவு ஃபெரைட்டில் (காந்தப் பீங்கான்) எனாமல் கம்பி இரண்டு மூன்று சுற்றுதான் இருக்கும். 5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் இண்டக்டன்ஸ் போதாது, இழப்பு ஏறும், தடுப்பும் போய்விடும். நீங்களே சுற்றிக்கொள்ளலாம். எஃப்.டி.50-43 என்ற ஃபெரைட் வளையம் ஒன்று. இரண்டு எனாமல் கம்பிகளை முறுக்கிச் சேர்த்து 10 சுற்று. ஒரு கம்பியின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு இணைத்தால் அதுதான் நடுப்புள்ளி, ஆன்டெனா அங்கே. மிஞ்சிய இரண்டு முனைகளும் இரண்டு ரேடியோக்களுக்கு. அந்த இரு முனைகளுக்கும் குறுக்கே 100 ஓம் கால் வாட் ரெசிஸ்டர். இதை விட்டுவிட்டால் தடுப்பே வராது, பலர் சறுக்குவது இங்கேதான். நடுப்புள்ளி 25 ஓம் என்பதால், முறையாகச் செய்வதானால் முன்னால் இன்னொரு வளையத்தில் 10 சுற்றுச் சுற்றி, எர்த் பக்கத்திலிருந்து 7-ஆவது சுற்றில் டேப் (இடையில் ஒரு இணைப்பு) எடுத்து நடுப்புள்ளிக்குக் கொடுக்க வேண்டும். ஆன்டெனா மேல்முனையில் சேரும். இது இல்லாவிட்டால் இழப்பு அரை டி.பி.தான். ஷார்ட்வேவுக்கும் மீடியம்வேவுக்கும் நான் வற்புறுத்த மாட்டேன்.

இப்போது அந்தப் பாதிக் கணக்கு. ஷார்ட்வேவில் ஆன்டெனா வழியே வரும் இரைச்சல், ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மிகப் பெரிது. ஸ்பிளிட்டர் போட்டதும் நிலையமும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். எஸ் மீட்டர் (சிக்னலின் பலத்தைக் காட்டுவது) அரை எண்ணோ ஒரு எண்ணோ குறையும், காதுக்கு வித்தியாசம் இருக்காது. சந்தேகமிருந்தால் ஸ்பிளிட்டரோடு 21 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே காலியான இடத்தில் வைத்துக்கொண்டு ஆன்டெனாவைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் பளிச்சென்று விழுந்தால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. விழவில்லை என்றால் அங்கே ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர் தேவை.

விமான பேண்டில் கதை வேறு. அங்கே ஸ்பிளிட்டர் தின்னும் ஒவ்வொரு டி.பி.யும் பலவீனமான குரலிலிருந்துதான் போகிறது. ஆம்ப்ளிஃபையரை ஆன்டெனாவின் காலடியிலேயே வைக்க வேண்டும், ஸ்பிளிட்டருக்குப் பின்னால் வைத்துப் பயனில்லை. கேபிளும் ஸ்பிளிட்டரும் சேர்ந்து 9 டி.பி. இழந்தால் 15 முதல் 18 டி.பி. பெருக்கம் போதும். அதிகம் வைத்தால் ஊர் எஃப்.எம். நிலையங்கள் எல்லா செட்டையும் திணறடிக்கும். 88–108 தடுப்பு ஃபில்டரை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் போடுங்கள். ஆம்ப்ளிஃபையருக்குக் கேபிள் வழியே கரண்ட் அனுப்புவதாக இருந்தால் பயாஸ் டி (கேபிளில் கரண்டைச் சேர்க்கும் சாதனம்) ஸ்பிளிட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் வரட்டும். டாங்கிளிலிருந்து 4.5 வோல்ட் அனுப்பினால் ஸ்பிளிட்டர் வழியாக அடுத்த ரேடியோவுக்குள்ளும் போகலாம், சில ஸ்பிளிட்டர்களில் எர்த்தோடு ஷார்ட்டாகலாம்.

இன்னொன்று, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மூன்று செட்டின் ஷீல்டும் (கேபிளின் வெளிக் கம்பிவலை) ஸ்பிளிட்டரில் ஒன்றாகிவிடுவதால் லேப்டாப் சார்ஜரின் இரைச்சல் மூன்றுக்கும் பரவும். பலரும் பழியை ஸ்பிளிட்டர் மேல் போடுகிறார்கள். ஒவ்வொரு ரேடியோவுக்கும் போகும் கேபிளையும் 31 ரக ஃபெரைட் வளையத்தில் 10 சுற்றுச் சுற்றுங்கள். நூறு ரூபாய் எல்.இ.டி. பல்பிலும் சார்ஜரிலும் சில ரூபாய் ஃபில்டரைக்கூடப் போடாமல் விற்கிறார்கள். தெரு முழுக்க மீடியம்வேவ் செத்துக் கிடக்கிறது. தட்டிக் கேட்க ஆளில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

கடைசியாக, அந்த வரிசையில் டிரான்ஸ்மிட் செய்யும் செட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 5 வாட் வாக்கி டாக்கியின் பட்டனைத் தவறி அழுத்தினாலே 20 டி.பி. தடுப்பைத் தாண்டி 50 மில்லிவாட் டாங்கிளுக்குள் போகும், அதன் முன்பகுதி எரிந்துபோக அதுவே போதும். ஸ்பிளிட்டருக்குள் இருக்கும் கால் வாட் ரெசிஸ்டரும் சேர்ந்து கருகும்.