‘சந்திரமுகி’ பார்த்துப் பயந்த பிள்ளைக்கு விரல்ரேகைப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு வயது. கோடை விடுமுறையில் பாட்டி வீட்டில் டிவியில் ‘சந்திரமுகி’ பார்த்திருக்கிறாள். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் தனியாகக் குளியலறைக்குப் போவதில்லை. விளக்கை அணைத்தால் அழுகிறாள். நான் கண்ணுக்கு மை இட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மாமியார் மந்திரிக்க வேண்டும் என்கிறார். இன்னொரு முறை போட்டுக் காட்டினால் பயம் தெளிந்துவிடும் என்பது கணவரின் கட்சி. பள்ளிக்கு வந்த ஓர் ஆலோசனை மையத்தினர், விரல்ரேகைப் பரிசோதனை செய்து அதன்பின் தொடர் சிகிச்சை தர வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். இது மனநோயா? என்ன செய்வது?
— ஒரு தாய், மதுரை

பதில் (குழந்தைகள் மனநல மருத்துவர்):

மனநோய் இல்லை. அந்த மையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். மற்றதை இனிப் பார்ப்போம்.

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் மை விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் மகளைப் பயமுறுத்தியது பேய் அல்ல என்று நினைக்கிறேன். அந்தப் படத்தில் கங்கா நல்லவள், எப்போதும் சிரித்த முகம். கணவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் மாறுகிறது, குரல் மாறுகிறது, கட்டிலை ஒற்றைக் கையால் தூக்குகிறாள். நமக்கு அது ஜோதிகாவின் நடிப்பு. ஏழு வயதுப் பிள்ளைக்கோ, பிரியமான ஒருத்தி கண்ணெதிரே வேறு யாரோ ஆகிவிட்டாள். அப்படியென்றால் அம்மாவும் ஆகிவிடுவாளோ? மை இட்ட உங்கள் கண்ணில் அவள் தேடுவது அதைத்தான்.

‘இன்கிரெடிபிள் ஹல்க்’ என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்து அமெரிக்க ஆய்வாளர் ஜோவான் கேன்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் இதையேதான் கண்டார்கள். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளை அதிகம் கலங்கடித்தது, சாதுவான மனிதர் பச்சை உருவமாக மாறும் காட்சி. அந்த உருவம் பிறரைக் காப்பாற்றத்தான் வருகிறது என்பது அவர்களுக்கு ஆறுதல் தரவில்லை. ‘சந்திரமுகி’யிலும் இது பேயல்ல, நோய் என்று விளக்கம் வருகிறதே என்பீர்கள். அந்த நேரத்தில் பிள்ளை பாட்டியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்திருந்திருப்பாள். (அந்தப் படத்து மனநல மருத்துவர் பலகையைச் சுழற்றி ஆளுக்குப் பதில் பொம்மையை எரிக்கவைத்துக் குணப்படுத்துகிறார். படம் வந்தது 2005இல். “அதுபோல ஏதாவது செய்யக் கூடாதா டாக்டர்?” என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

முதலில், பகலில், விளையாட்டோடு விளையாட்டாக, எந்த இடத்தில் பயந்தாள் என்று கேளுங்கள். “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று வாயை அடைக்காதீர்கள். அவள் சொல்வதைப் படமாக வரையச் சொல்லலாம். பிறகு கண்ணாடி முன்னால் அவளை உட்காரவைத்து, உங்களுக்கு மை இடும் வேலையை அவளிடமே கொடுங்கள். கோணல் மாணலாக இடட்டும். அவளே துடைக்கட்டும். மைக்கு அடியில் அம்மா அப்படியே இருக்கிறாள் என்பதை அவள் விரல் தெரிந்துகொள்ள வேண்டும். நடிகை, ஒப்பனை, கேமரா என்ற விளக்கங்கள் அதற்குப் பின்னால் சொன்னால் ஏறும்.

குளியலறைக்கு இரண்டு மூன்று நாள் வாசல் வரை போய் நில்லுங்கள். அடுத்து கூடத்தில் நின்று பேச்சுக் கொடுங்கள். பிறகு சமையலறையிலிருந்து குரல் மட்டும் போதும். சிறிய இரவு விளக்கு எரியட்டும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து “பார், பேய் இல்லை” என்று தினமும் தேடிக் காட்டாதீர்கள். தேடுகிறார்கள் என்றால் இருக்கக்கூடும் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். கணவர் சொல்வதுபோல முழுப் படத்தையும் கட்டாயப்படுத்திக் காட்டுவது கூடவே கூடாது.

இனி அந்த ஆலோசனை மையம். விரல்ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகி, அதன்பின் மாறாமல் இருப்பது. மூன்று வாரத்துக்கு முன் வந்த பயம் அதில் எப்படித் தெரியும்? ரேகையைப் பார்த்து மூளையை அறியும் இந்த வியாபாரத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆனாலும் பள்ளி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வண்ண வண்ணமாக அச்சடித்த அறிக்கை, வலது மூளை, இடது மூளை, பிள்ளை எதிர்காலத்தில் என்ன படிக்கலாம் என்று ஒரு பட்டியல். பெற்றோர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக என்னிடம் கொண்டுவருகிறார்கள். பள்ளிக்குள் இவர்களை யார் விட்டார்கள், அதில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று நிர்வாகத்திடம் நேராகக் கேளுங்கள். “இப்போதே கவனிக்காவிட்டால் ஆழ்மனத்தில் பதிந்துவிடும்” என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் பணம் கைமாறுகிறது. அவசரப்படுத்துகிறவர், மொத்தத் தொகையை முன்கூட்டியே கேட்கிறவர், என்ன படித்தார் என்று கேட்டால் சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டிப் பேச்சை மாற்றுகிறவர் எல்லோரையும் ஒரே கும்பிடாகப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

மந்திரிப்பது பற்றி உங்கள் மாமியாரோடு சண்டை வேண்டாம். பாட்டி மடியில் உட்காரவைத்துத் திருநீறு பூசினால் பிள்ளைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் “எதுவோ பிடித்திருக்கிறது” என்று சொல்லி வேப்பிலையும் ரசீதில்லாத கட்டணமுமாக வருகிறவரிடம் போகாதீர்கள். அவர் சொல்வது பிள்ளையின் காதில் விழுந்தால், சினிமாவில் பார்த்தது தனக்கே நடக்கிறது என்று நம்பிவிடுவாள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை படத்தின் பெயரைச் சொல்வதாலேயே பயம் படத்தால் வந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. யோசித்துப் பாருங்கள்: படம் பார்ப்பதற்கு முன்பே இது தொடங்கிவிட்டதா? பயம் இருட்டின் மேலா, குறிப்பிட்ட ஒருவர் மேலா? இவர் வந்தால் ஒதுங்குகிறாளா? ஒரு வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறாளா? நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்பியிருக்கிறதா? உடை மாற்றும்போது, குளிப்பாட்டும்போது உடம்பைச் சுருக்கிக்கொள்கிறாளா? சொல்லத் தெரியாத ஒன்றுக்குப் பிள்ளைகள் கையில் கிடைத்த பெயரை வைப்பார்கள். பேய் என்றால் வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும், யாரையும் சந்தேகப்பட்டு வீட்டில் பஞ்சாயத்து வைப்பதற்கு முன், பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்பதற்கும் முன், மருத்துவரிடம் வாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. மை விஷயம் படத்தோடு பொருந்துகிறது. இருந்தாலும் இவற்றை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரைக் குறை சொல்வது? 2023இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யு/ஏ தணிக்கைச் சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்லதுதான். ஆனால் அது பெற்றோருக்கான வழிகாட்டல் மட்டுமே. கூடத்தில் ஓடும் டிவிக்கு டிக்கெட் பார்ப்பவர் எவரும் இல்லை. பேய்ப் படத்தின் முன்னோட்டத்தைப் பிள்ளைகள் பார்க்கும் நேரத்திலேயே போடுகிறார்கள், ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது. பயந்த பிள்ளையைக் காட்டலாமென்றால் பல பள்ளிகளில் ஆலோசகர் என்பது வருகைப் பதிவேட்டில் மட்டும் உள்ள பதவி. அந்த வெற்றிடத்தில்தான் விரல்ரேகைக்காரர் மேசை போடுகிறார்.

மேலே சொன்னபடி செய்தால் சில வாரங்களில் குறையத் தொடங்கும். ஒரு மாதம் பார்த்தும் குறையவில்லை, அல்லது பள்ளிக்குப் போக மறுக்கிறாள், சாப்பாடு இறங்கவில்லை, இரவில் தூக்கமே இல்லை என்றால் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கட்டணம் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். பள்ளியில் வந்தவர்களுக்கு முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதின் நகலோடு எழுத்துமூலமாகத் திருப்பிக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் அடுத்த பரிசோதனைக்குத் தேதி கொடுப்பார்கள்.