நீதிபதியாக எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்ட ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தையும் மகளின் மதிப்பெண் பட்டியலையும் இரண்டு முறை படித்தேன். "நீதிபதியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு நீதிபதியாக்கி அனுப்பும் கல்லூரி தென்னாப்பிரிக்காவில் இல்லை.

சென்னையில் உங்கள் அண்ணன் மகன் தேர்வு எழுதி உரிமையியல் நீதிபதியான கதை வேறு. அங்கே போட்டித் தேர்வு உண்டு, தேறியவர்களுக்கு நீதித்துறைப் பயிற்சியகம் உண்டு. ஆனாலும் 2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர்களே இனி அந்தத் தேர்வை எழுத முடியும் என்று சொல்லிவிட்டது. ஆகவே "அவளையும் அங்கேயே அனுப்பிவிடலாமா?" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே தகுதி மதிப்பீடு வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், நம் நாட்டுச் சட்டத்தின் அடிவேர், டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டம். அதை இங்கே படிப்பதுதான் நல்லது.

இங்குள்ள வழி நீளமானது. நான்கு ஆண்டு எல்எல்பி சட்டப் படிப்பு. அதன்பின் அட்டர்னியாக (கட்சிக்காரரை நேரடியாகக் கவனிக்கும் வழக்கறிஞர்) விரும்பினால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் பயிற்சி, அட்வகேட் (நீதிமன்றத்தில் வாதாடுவதையே முதன்மையாகக் கொண்டவர்) என்றால் ஓராண்டு. பிறகு பல ஆண்டுத் தொழில். அரசியலமைப்பின் 174-ஆம் பிரிவு நீதிபதிக்கு இத்தனை ஆண்டு அனுபவம் என்று எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. தகுந்த கல்வியும், அந்தப் பொறுப்புக்கு ஏற்ற குணமும் உள்ள ஆணோ பெண்ணோ என்றுதான் சொல்கிறது. நீதித்துறைப் பணி ஆணையம் வெளிப்படையாக நேர்காணல் நடத்திப் பரிந்துரைக்கிறது. பெரும்பாலோர் அந்த நாற்காலிக்கு வரும்போது நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தெரிந்து நடப்பவளுக்குத் தூரம் பாரமாக இருக்காது.

கீழ்நிலை நீதிமன்றங்களில் தீர்ப்புச் சொல்லும் மாஜிஸ்திரேட் பதவியையும் குறைவாக எண்ணாதீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் மூன்று ஆண்டு வரையும், மண்டல நீதிமன்றத்தில் பொதுவாகப் பதினைந்து ஆண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அவர்களால் முடியும். நம் மக்களில் பெரும்பாலோர் சட்டத்தின் முகத்தை முதலில் பார்ப்பது அவர்களிடம்தான். பராமரிப்புத் தொகை, குடும்ப வன்முறைப் பாதுகாப்பு ஆணை, பிணை எல்லாம் அங்கேதான்.

என் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. சட்டக் கல்லூரி ஒரு பக்கத்துக்காக வாதாடக் கற்றுக்கொடுக்கிறது. தீர்ப்புச் சொல்வது அதிலிருந்து வேறான தொழில். இரண்டு சாட்சிகளும் உண்மை பேசுவதுபோல் தெரியும்போது எதை வைத்து எடைபோடுவது? ஏழு வயதுக் குழந்தையின் வாக்குமூலத்தை எப்படிக் கேட்பது? மொழிபெயர்ப்பாளர் வழியாக வரும் சொல்லில் எது தவறிப்போயிருக்கும்? டிஎன்ஏ அறிக்கையிலுள்ள எண்ணுக்கு என்ன பொருள்? தோற்றவருக்கும் விளங்கும்படி தீர்ப்பை எப்படி எழுதுவது? இருபது ஆண்டு வாதாடியவருக்கு இவை தாமாகவே வந்துவிடும் என்று நம்புவது மக்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

மற்ற நாடுகள் இதற்கு வழி தேடியிருக்கின்றன. பிரான்ஸில் போர்தோ நகரில் நீதிபதிகளுக்கென்றே ஒரு தேசியப் பள்ளி இருக்கிறது. 1958-இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் நுழைவுத் தேர்வில் வென்றவர்கள் ஊதியம் பெற்றுக்கொண்டே படிக்கிறார்கள். அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகமும், 2012 முதல் டியூக் பல்கலைக்கழகமும் பணியிலிருக்கும் நீதிபதிகளுக்கென்றே முதுநிலைப் பட்டம் வழங்குகின்றன. நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தென்னாப்பிரிக்க நீதித்துறைக் கல்வி நிறுவனம் உருவானது. பதவியில் இருப்பவர்களுக்கும் பதவிக்கு வர விரும்புபவர்களுக்கும் அது பயிற்சி தருகிறது. நல்ல தொடக்கம். ஆனால் சில நாள், சில வாரப் பயிற்சி போதாது. வழக்கறிஞர்கள் தொழில் செய்துகொண்டே படிக்கும்படி, தீர்ப்பளிக்கும் கலைக்கென்றே ஒரு முதுநிலைப் பட்டம் நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்ற வேண்டும். உங்கள் மகள் முப்பதைத் தொடும்போது அது இருந்தால் முதல் வரிசையில் போய்ச் சேரட்டும். அதுவரை அந்தக் குறையை அவளே நிரப்பிக்கொள்ள வேண்டும். எல்எல்பி முடிந்ததும் நீதிபதி ஒருவரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர முயல வேண்டும். அரசியலமைப்பு நீதிமன்றம் ஆண்டுதோறும் இளம் பட்டதாரிகளை எடுக்கிறது. ஒரு தீர்ப்பு எத்தனை முறை அடித்துத் திருத்தி எழுதப்படுகிறது என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

"நம்மைப் போன்ற வீட்டிலிருந்து முடியுமா?" என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். கிளேர்வுட்டில் பஸ் ஓட்டுநரின் மகளாக வளர்ந்த நவநீதம் பிள்ளை அம்மையார், ஊரார் திரட்டிக்கொடுத்த பணத்தின் துணையோடு நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1965-இல் சட்டப் பட்டம் பெற்றார். 1967-இல் சொந்த அலுவலகம் திறந்தார். நிறவெறி ஆட்சியில் 28 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தும் நீதிபதியின் அறைக்குள் கால் வைக்க அவருக்கு அனுமதியில்லை. 1995-இல் முதன்முதலாக அந்த அறைக்குள் நுழைந்தபோது நீதிபதியாகவே நுழைந்தார். பின்னர் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்திலும், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலும் அமர்ந்தார். அவர் நடுவிலே ஹார்வர்டில் முனைவர் பட்டமும் பெற்றதை மகளுக்குச் சொல்லுங்கள். படிப்பு ஒரே மூச்சில் முடிய வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியவை. கணிதத்தை விட்டுவிட வேண்டாம். ஆங்கிலத்தில் நிறைய எழுதட்டும். ஜூலுவைப் பேசும் அளவுக்காவது கற்றுக்கொள்ளட்டும், நம் மாகாணத்தில் சாட்சிக் கூண்டில் அதிகம் ஒலிக்கும் மொழி அது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஜூலை விடுமுறையில் ஒரு நாள் அவளை சாட்ஸ்வர்த் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அழைத்துப்போங்கள். பெரும்பாலான விசாரணைகளில் யாரும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். நீங்களும் கூடவே உட்காருங்கள். தீர்ப்பு வாசிக்கப்படும் முன் அவள் தன் தீர்ப்பையும் அதற்கான காரணங்களையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். ஆகஸ்டில் என்னைப் பார்க்க வரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.