தியாரோய்: எண்பது வருடப் பாக்கி

அன்புள்ள ஐயா,

செனகலை விட்டு பிரெஞ்சு ராணுவம் வெளியேறியதைப் பற்றிய கட்டுரையில் 1944 தியாரோய் படுகொலையையும் சேர்த்திருந்தீர்கள். எண்பது வருடக் கதையை இப்போது கிளறுவது ஓட்டுக்கான உணர்ச்சி அரசியல்தானே? நாடுகளின் உறவு வியாபாரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துத்தானே நடக்க வேண்டும்?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

ஓட்டுக் கணக்கும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தியாரோயில் சுடப்பட்டவர்கள் கேட்டது சம்பளம். பிரான்சுக்காகச் சண்டை போட்டு, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, வருடக்கணக்கில் கைதிகளாகக் கிடந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் 1944 நவம்பரில் கப்பலில், செனகலின் இன்றைய தலைநகரான டக்காரில் வந்து இறங்கினார்கள். பாக்கிச் சம்பளத்தைக் கொடுங்கள், வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறோம் என்றார்கள். டிசம்பர் 1 காலையில், டக்காரை ஒட்டிய தியாரோய் முகாமில் பிரெஞ்சு ராணுவத்தார் கவச வண்டிகளோடு அவர்களைச் சுற்றி வளைத்துச் சுட்டார்கள். தப்பியவர்களில் 34 பேரைக் கலகக்காரர்கள் என்று தண்டித்தார்கள், சம்பளம் கேட்ட குற்றத்துக்கு! செத்தவர்கள் 35 பேர் என்று ஒரு ராணுவ அறிக்கை, 70 என்று இன்னொன்று, பல நூறு இருக்கும் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். சொந்த ராணுவம் சுட்டுக் கொன்றவர்களின் எண்ணிக்கையைக்கூட ஓர் அரசால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் அதை எப்படிப் பழங்கதை என்பது?

அப்புறம், இது வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. 2024 ஜூலையில் பிரான்ஸ் ஆறு பேரை மட்டும் 'பிரான்சுக்காக உயிர்நீத்தவர்கள்' என்று அறிவித்தபோது, எத்தனை பேருக்கு மரியாதை என்பதை பாரிஸ் தனியாக முடிவு செய்யக் கூடாது என்று அப்போதைய செனகல் பிரதமர் சொன்கோ கோபப்பட்டார். நவம்பரில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் எழுதிய கடிதத்தில் தியாரோயில் நடந்ததைப் படுகொலை என்றே ஒப்புக்கொண்டார். அதே நாட்களில்தான் செனகல் அதிபர் ஃபாய், இறையாண்மை உள்ள நாட்டில் அந்நிய ராணுவ முகாம் இருக்க முடியாது என்றார், கூடவே முதலீட்டில் பிரான்ஸ் எங்களுக்கு முக்கியமான கூட்டாளி என்றும் சொன்னார். 2025 ஜூலையில் பிரெஞ்சு ராணுவம் கடைசி முகாமை ஒப்படைத்துவிட்டுப் போனது, சண்டை எதுவும் இல்லாமல். உறவை அறுக்காமலே கணக்குக் கேட்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தியாரோய் கல்லறைத் தோட்டத்தில் பெயர் இல்லாத கல்லறைகள் இருக்கின்றன. 2025-ல்தான் செனகல் அங்கே தோண்ட ஆரம்பித்தது. யார் எங்கே புதைக்கப்பட்டார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதற்கான காகிதங்களை பாரிஸ் ஒன்றுவிடாமல் திறந்து காட்டும்வரை டக்கார் கேட்டுக்கொண்டுதான் இருக்கும், கேட்கவும் வேண்டும்.