முழங்கால் வலியோடு ஓர் ஆற்றங்கரை நடை: டெடம் போய்வரும் வழி

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அப்பா, அம்மா மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கப்போகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது; தினமும் நடப்பவர். அம்மாவுக்கு 66, முழங்கால் வலி உண்டு, மேடு ஏற முடியாது, புடவைதான் கட்டுவார். “ஒரு இங்கிலீஷ் கிராமத்தைப் பார்க்கணும், ஆத்தங்கரையில கொஞ்ச தூரம் நடக்கணும்” என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எங்களிடம் கார் இல்லை. ஒரே நாளில் போய்வர எங்கே போகலாம்?

பதில்: டெடம் போங்கள். எசெக்ஸ், சஃபோக் மாவட்டங்களின் எல்லையாக ஓடும் ஸ்டூர் ஆற்றின் கரையில் இருக்கிறது அந்தக் கிராமம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து மானிங்ட்ரீ ஸ்டேஷனுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பல ரயில்கள் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் நிற்பதால், உங்கள் வீட்டிலிருந்து அங்கே போய் ஏறுவதே சுலபம்.

இந்த இடத்தைச் சொல்ல முதல் காரணம் அழகு இல்லை, சமதளம். 1705-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு ஸ்டூர் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்குத் திறந்தது. சட்பரியிலிருந்து மானிங்ட்ரீ வரை தானியமும் நிலக்கரியும் ஏற்றிய தட்டைப் படகுகளைக் கரையில் நடந்த குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. பாரம் இழுக்கும் குதிரைக்கு மேடுபள்ளம் ஆகாது. அதனால் கரையோரப் பாதை ஆற்றோடு ஒட்டியே மட்டமாகப் போகும். அம்மாவின் முழங்காலுக்கு அந்தக் குதிரைகள் செய்துவிட்டுப் போன உபகாரம் என்றே இதை நினைக்கிறேன்.

தூரக் கணக்கு இதுதான். மானிங்ட்ரீ ஸ்டேஷனிலிருந்து பிளாட்ஃபோர்டு என்ற சிற்றூருக்கு ஆற்றோரமாக மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து டெடம் இன்னும் இரண்டரை கிலோமீட்டர் அளவு. முழுவதையும் நடந்து, நடந்தே திரும்பினால் பத்து கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அப்பா தாங்குவார், அம்மா வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து பிளாட்ஃபோர்டுக்கு அம்மாவை டாக்ஸியில் அழைத்துப் போங்கள். அப்பா விரும்பினால் வீட்டில் ஒருவர் துணையோடு அந்த முதல் பகுதியை நடந்து வரட்டும். பிளாட்ஃபோர்டிலிருந்து டெடம் வரை எல்லோரும் சேர்ந்து நடங்கள். டெடத்தில் சாப்பிட்டுவிட்டு டாக்ஸியிலேயே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடலாம். ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி காத்துக்கொண்டிருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். போக, வர இரண்டையும் முதல் நாளே பதிவு செய்துவிடுங்கள்.

வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதைகளைத்தான் வழிகாட்டிகள் பெரும்பாலும் சிபாரிசு செய்கின்றன. வயதானவர்களோடு போகும்போது எனக்கு அதில் உடன்பாடில்லை. வட்டப் பாதையில் பாதி தூரம் போய்விட்டால் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம். வலி வந்தால் மாட்டிக்கொள்வோம். ஆற்றங்கரையில் ஒரே கோடாகப் போனால் முதல் அரை மணி நேரத்தில் எந்த இடத்திலும் “போதும்மா, திரும்பலாம்” என்று சொல்லிவிடலாம். கண்ட காட்சியில் குறை எதுவும் இருக்காது. இதை அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். நம்மால் மற்றவர்களுக்குச் சிரமம் என்று வலியை மறைத்து நடக்கிற அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிளாட்ஃபோர்டில் இறங்கியதும் உடனே நடக்க ஆரம்பிக்க வேண்டாம். நேஷனல் டிரஸ்ட் நடத்தும் தேநீர்க் கடையும் கழிப்பறையும் அங்கே உண்டு. இடையில் வயல்வெளிதான் என்பதால் அதை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். மரப்பாலத்தைத் தாண்டி எசெக்ஸ் கரைக்கு வந்து வலப்பக்கம் திரும்பினால், ஆறு உங்கள் வலக்கைப் பக்கம் எதிர்த்திசையில் ஓடிவரும். கரை நெடுக வில்லோ மரங்கள். தூரத்தில் டெடம் தேவாலயக் கோபுரம் தெரியத் தொடங்கும். 40 மீட்டர் உயரம். நம் ஊரில் தூரத்துக் கோயில் கோபுரத்தைக் குறிவைத்து நடப்பது போல அதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். என் கணக்கில், அம்மாவின் நடைக்கு உட்கார்ந்து எழும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சமதளம் என்றேன், வழவழப்பு என்று சொல்லவில்லை. இது மாடு மேயும் வண்டல் புல்வெளி. மழைக்காலத்தில் மாடுகள் மிதித்த சேறு, கோடையில் குளம்புக் குழிகளோடு அப்படியே இறுகிக் கல்லாகிவிடும். முழங்கால் வலிக்காரர்களைச் சிரமப்படுத்துவது ஏற்றத்தைவிட இந்தக் குழிகள்தான். கால் சற்றே திரும்பினாலும் வலி முழங்காலுக்குப் போகும். அதனால் செருப்பு கூடாது. அடிப்பகுதியில் நல்ல பிடிமானம் உள்ள, கணுக்காலைத் தாங்கும் ஷூ போடச் சொல்லுங்கள். ஒரு கைத்தடியும் இருக்கட்டும். வீல்சேருக்கோ குழந்தை வண்டிக்கோ இந்தப் பாதை ஒத்துவராது.

புடவை கட்டலாம், கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி சற்று உயர்த்திக் கட்டினால் போதும். உள்ளே லெக்கிங்ஸும் உயரமான சாக்ஸும் அவசியம். ஜூன், ஜூலையில் பாதையோரம் நெட்டில் செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும். நம் ஊர்ச் செந்தட்டி போலவே அதிலும் சுணை உண்டு. பட்ட இடம் எரிந்து தடிக்கும், சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். வீடு திரும்பியதும் காலில் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

மாடுகளைப் பற்றி அப்பாவிடம் தனியாகச் சொல்ல வேண்டும். மாட்டைக் கண்டால் நெற்றியைத் தடவிக் கொடுப்பது நம் வழக்கம். இங்கே அது வேண்டவே வேண்டாம். இவை மனிதர் கைபட்டுப் பழகாத மந்தைகள். கன்றோடு நிற்கும் தாய் முட்ட வரலாம். பாதையின் நடுவே மந்தை படுத்திருந்தால் தள்ளிச் சுற்றிப் போய் மறுபடி பாதையில் சேர்ந்துகொள்ளுங்கள். இளங்காளைகள் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வரும். ஓடாமல் நிதானமாக நடந்தால் விட்டுவிடும். வேலிக் கதவைத் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுச் செல்வது இங்குள்ள நாட்டுப்புற நெறி.

இனி அந்த நிலத்தின் கதை. ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776-இல் பக்கத்து ஊரான ஈஸ்ட் பெர்கோல்ட்டில் பிறந்தவர். பிளாட்ஃபோர்டு மாவு ஆலை அவர் அப்பாவுடையது, டெடம் ஆலையும்தான். டெடத்தில் இருந்த பள்ளிக்குத்தான் சிறுவன் கான்ஸ்டபிள் போய்வந்தான். 1821-இல் அவர் வரைந்த ‘வைக்கோல் வண்டி’யில் இடப்பக்கம் தெரியும் வில்லி லாட் என்பவரின் வீடு, ஆலைக்கு எதிரே நீரோரத்தில் இன்றும் நிற்கிறது. கிட்டத்தட்ட ஆறடி அகலமுள்ள அந்த ஓவியம் டிராஃபல்கர் சதுக்கத்து நேஷனல் கேலரியில் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. முந்தின வாரமே அம்மாவை அங்கே அழைத்துப் போய்ப் படத்தின் முன் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். பிறகு பிளாட்ஃபோர்டில் அதே நீர்த்துறையில் போய் நிற்கும்போது, வண்டி மட்டும்தான் இல்லையே என்று தோன்றும்.

கான்ஸ்டபிளின் இன்னொரு படமும் உண்டு, ‘பாய்கிற குதிரை’. மாடு தாண்டாமல் இருக்க இழுவைப் பாதையின் குறுக்கே தடுப்புகள் போட்டிருந்தார்கள். கட்டிய கயிற்றோடு அவற்றைத் தாண்டிக் குதிக்க ஸ்டூர் குதிரைகளைப் பழக்கியிருந்தார்கள். அந்தக் கணத்தை 1825-இல் வரைந்தார்.

புறப்படும் முன் மூன்று நாளாக மழையா என்று பாருங்கள். ஆறு நிரம்பினால் இந்தப் புல்வெளிகள் நீரில் மூழ்கும். சுற்றுச்சூழல் முகமையின் இணையதளத்தில் ஸ்டூர் ஆற்றுக்கு வெள்ள எச்சரிக்கை இருக்கிறதா என்று அன்று காலையிலேயே தெரிந்துகொள்ளலாம். ஈரமான வாரமாக இருந்தால் டெடத்தைத் தள்ளிப்போட்டு கேம்பிரிட்ஜ் போங்கள். அங்கே கிரான்செஸ்டர் கிராமத்துக்குப் புல்வெளி வழியாகப் போகும் மேல்பாதை தளம் போட்டது, கேம் ஆறு சற்றுத் தள்ளிக் கூடவே வரும். வரைபடம் பிடித்த அப்பாவாக இருந்தால் ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 196 வாங்கிக் கொடுங்கள். 1:25,000 அளவில் டெடம் பள்ளத்தாக்கு முழுவதும் அதில் இருக்கிறது. பச்சை நிறக் கோடிட்ட வழிகள் பொதுப்பாதைகள். களத்தில் கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறி தென்பட்டால் அது நடைபாதை.

ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. எலுமிச்சைச் சாதமும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். குப்பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவர ஒரு பையும் வேண்டும். டெடத்தில் கோடையில் வாடகைக்குக் கிடைக்கும் துடுப்புப் படகில் அப்பா ஏறலாம். ஆடும் படகில் கால் வைத்து இறங்குவது அம்மாவின் முழங்காலுக்குச் சரிப்படாது. அவர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள்.